ரசமும் திராட்சை ரசமும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மார்கழிச் சந்திப்பில், வரதராஜன்பேட்டையில் ஆற்றிய உரை)



"பாரிஸ் பக்கத்தில் இத்தனை வருஷம் இருக்கிறாயே, அங்கே குளிர்காலத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள், அதைப் பற்றிப் பேசு" என்று சங்கச் செயலாளர் கடிதம் எழுதினார். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. குடியைப் பற்றி இந்த ஊரில், இந்த மேடையில் பேசுவதற்குத்தான் கொஞ்சம் யோசித்தேன். முந்திரிக்கொட்டை விற்ற காசு வீட்டுக்கு வந்து சேராத குடும்பங்கள் நம் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்தில் எத்தனை என்று இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். வீட்டில் ஜாடியில் போட்டு ஊறவைப்பதும், அது கிறிஸ்துமஸ் திராட்சை ரசமே ஆனாலும், மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத காரியம்தான். மாணவர்கள் இந்த உரையைக் கேட்டுவிட்டு விடுதி அறையில் ஆராய்ச்சி செய்யக் கிளம்பக் கூடாது. நான் பேசப்போவது நாக்கைப் பற்றி.

எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சில. புதுச்சேரி, காரைக்கால்காரர்கள், யாழ்ப்பாணத்தார், நடுவில் நான் ஒரு வரதராஜன்பேட்டைக்காரன். டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடிச் சமைப்போம். லா ஷப்பேல் தெருவில் ஈழத்தமிழர் கடைகளில் மொச்சை, முருங்கைக்காய், நெத்திலிக் கருவாடு எல்லாம் கிடைக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க, வாரத்துக்கு ஒரு சாப்பாடு, அதற்கு இரண்டு மூன்று விதமான வைன் என்று வைத்துக்கொண்டு, எது எதோடு சேருகிறது, எது சண்டை போடுகிறது என்று பார்த்தோம். ஆளுக்கு அரை டம்ளர்கூட இருக்காது. ஒரு வாய் சோறு, ஒரு வாய் வைன், மறுபடி சோறு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தோம். அந்த நோட்டைத்தான் இப்போது உங்கள் முன்னால் பிரிக்கிறேன்.

முதல் ஞாயிறு ஆட்டுக்கறிக் குழம்பு. நம் ஊர் மாதிரியே வறுத்து அரைத்த மிளகாய், மல்லி. நண்பர் ஒருவர் நல்ல போர்தோ சிவப்பு வைன் கொண்டுவந்தார். "சிவப்புக் கறிக்குச் சிவப்பு வைன்" என்பது வெள்ளைக்காரன் பழமொழி மாதிரி. இரண்டாவது வாயிலேயே எல்லோர் கண்ணிலும் தண்ணீர். குழம்பு இரண்டு மடங்கு காரமாகிவிட்டது, வைன் கசந்தது.

ஏன் என்று பார்த்தால் அதற்கு நல்ல விஞ்ஞானக் காரணம் இருக்கிறது. மிளகாய்க் காரம் ஒரு சுவையே அல்ல, சூடு. நாக்கில் சூட்டை உணர்கிற அதே நரம்பு வாசலைத்தான் மிளகாயின் காப்சைசினும் திறக்கிறது. இதை 1997ல் கண்டுபிடித்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணமாக 42 டிகிரி சூடு பட்டால்தான் அந்த வாசல் திறந்து "சுடுது" என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்பின் சூடே 37. அப்படியானால் நம் சொந்தச் சூடே நம்மைச் சுடுகிறது என்று ஆகிறது. புண்ணில் பிராந்தி பட்டால் எரிவதும் இதனால்தான். போர்தோவில் ஆல்கஹால் 13, 14 சதவீதம். மிளகாயும் அதுவும் சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்? நம் ஊர்க் கடையில் விற்கிற பிராந்தியில் 42.8 சதவீதம். அதைக் குடித்துவிட்டு மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டைக் கடிக்கிறவருக்கு எந்தச் சுவையும் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவர் குடிப்பதும் இல்லை.

அந்த வருஷம்தான் ஊரிலிருந்து என் அத்தை வந்திருந்தார்கள். முதல் நாள் மேசையில் பாட்டிலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். "ஏன் தம்பி, உங்க மாமாவக் கொண்டுபோன சனியன சாப்பாட்டு எலைக்குப் பக்கத்துலயே வக்கிறியா?" என்றார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? மாமா சாராயத்தில் போனவர். நாற்பத்திரண்டு வயசு. அத்தை முந்திரி உடைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். முந்திரிப் பால் பட்டு வெந்த விரல் நுனிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. நான் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அன்றைக்கு எல்லோரும் தண்ணீரோடு சாப்பிட்டோம்.

மறுவாரம் புதுச்சேரிக்கார அம்மா ஒருவர், அங்கே சமையல்கூடத்தில் வேலை பார்த்தவர், அத்தையிடம் விளக்கினார். அங்கே வைன் ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் விழுங்குவதில்லை. வாயில் வைத்து, சுழற்றி, மூக்கால் வாசனை பிடித்து, துப்பிவிடுவார்கள். ஒரு நாளில் ஐம்பது அறுபது வகை பார்க்க வேண்டியிருக்கும், விழுங்கினால் வேலை நடக்காது. "துப்பிடுவாங்களா?" என்று அத்தை ரொம்ப நேரம் யோசித்தார்கள். "பூசையில சாமியார் குடிக்கிறது இதுதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். திருச்சபைச் சட்டம் 924ன்படி திருப்பலிக்கான ரசம் திராட்சைப் பழத்திலிருந்து வந்த இயற்கையான ரசமாக இருக்க வேண்டும், கெட்டுப்போனதாக இருக்கக்கூடாது. அத்தை ஒரு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போர்தோவில் ஒரு சொட்டு எடுத்து, நாக்கில் வைத்து, துப்பினார்கள்.

"கடுக்காயக் கடிச்ச மாதிரி நாக்க இழுக்குது. இதுக்குப் போயா இம்புட்டுக் காசு?"

நண்பர்களே, இதை விடச் சரியாக டானினை எந்தப் புத்தகமும் விளக்கியதில்லை. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற அந்தத் துவர்ப்பு, நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய் நாக்கு சொரசொரவென்று ஆகிறது. கடுக்காய், வாழைப்பூ, பாக்கு எல்லாம் செய்வது அதையேதான். பிரெஞ்சுக்காரன் துவர்ப்பு ஒரு தனிச் சுவையா, வெறும் தொடு உணர்ச்சியா என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான். நாம் அறுசுவையில் அதற்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டோம். கொழுப்பும் புரதமும் கூடவே வந்தால் டானின் அவற்றைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும். அதனால் அடுத்த தடவை மிளகாயைக் குறைத்து, நெஞ்செலும்பைக் கொழுப்போடு சுட்டு வைத்தோம். அதே போர்தோ பட்டு மாதிரி இறங்கியது.

அன்றிலிருந்து அத்தைதான் எங்கள் நடுவர். நாங்கள் விழுங்கினோம், அவர்கள் கடைசிவரை விழுங்கவில்லை. தீர்ப்பு மட்டும் அவர்களுடையது.

மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்புக்குத்தான் அதிக வாரங்கள் செலவழித்தோம். மார்கழி, தை வந்தால் பச்சை மொச்சையும் கருவாடும் இல்லாமல் நம் வீடுகளில் சமையலே கிடையாது அல்லவா? முதலில் சிவப்பு வைனோடு பார்த்தபோது வாயெல்லாம் துருப்பிடித்த இரும்பு வாசம். மீன் கவுச்சி பத்து மடங்கு. அத்தை "குப்பைத் தொட்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். ஜப்பான்காரர்கள் இதை ஆராய்ந்து 2009ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். சிவப்பு வைனில் இருக்கிற இரும்புச் சத்துதான் மீன் கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புகிறதாம். மீனுக்கு வெள்ளை வைன் என்பது நாகரிகத்துக்காகச் சொன்னதல்ல, இதற்காகத்தான்.

சரி, வெள்ளைக்கு வந்தோம். வியோனியே என்று ஒரு வகை, பூ வாசனை, விலையும் அதிகம். குழம்புக்குப் பிறகு குடித்தால் பச்சைத் தண்ணீர். ஏன்? நம் புளி. வைனுக்குப் புளிப்பைக் கொடுக்கிற முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். புளியம்பழத்தின் புளிப்பும் அதே டார்டாரிக் அமிலம்தான்! பழங்களில் இந்த அமிலம் அதிகமாக இருப்பவை என்று பார்த்தால் திராட்சையும் புளியும்தான் முன்வரிசை. போர்தோ தோட்டத்துக்காரனும் நம் ஊர்ப் புளியமரத்துக்காரனும் ஒருவகையில் பங்காளிகள். குழம்பின் புளிப்பு வைனின் புளிப்பை விட அதிகமாக இருந்தால் வைன் சப்பென்று ஆகிவிடும். ஆகவே குழம்பை ஜெயிக்கிற அளவுக்குப் புளிப்பும், காரத்தைத் தணிக்கக் கொஞ்சம் இனிப்பும், எரிச்சலைக் கூட்டாத அளவுக்குக் குறைந்த ஆல்கஹாலும் வேண்டும். நாலு வாரம் தேடிக் கிடைத்தது ரீஸ்லிங். பிரான்சின் அல்சாஸ் பகுதியிலும் ஜெர்மனியிலும் விளைகிற குளிர்தேசத்துத் திராட்சை. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் செய்கிற லேசாக இனிக்கும் வகையில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான். அத்தை துப்பிவிட்டுச் சொன்னார்கள்: "இது பரவாயில்ல. புளியங்கா மாதிரி பல்லு கூசுது, அப்பறம் வெல்லம் மாதிரி அடங்குது. கருவாட்டு உப்பு நல்லாத் தெரியுது." அவர்கள் நல்லது என்று சொன்னதே குழம்பைத்தான், கவனித்தீர்களா? குழம்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது என்பதே வைனுக்கு அவர்கள் கொடுத்த மார்க்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப்பால் இறாலுக்குக் கெவுர்ஸ்ட்ராமினர் என்கிற ரோஜா வாசனை வைன் பொருந்தியது. புளி சேர்த்தால் அதுவும் படுத்துவிடும். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு லேசான போஜொலே சிவப்பு, குளிர வைத்து. அதிரசத்துக்கு முஸ்கா என்கிற இனிப்பு வைன். பலகாரத்தை விட வைன் இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜிலேபி தின்றுவிட்டுக் காப்பி குடித்த கதைதான். வெண்பொங்கல், வடை, முறுக்கு மாதிரி நெய், எண்ணெய்ப் பண்டங்களுக்கு ஷாம்பெயின் போல நுரைக்கிற வகைகள் அருமை. குமிழியும் புளிப்பும் வாயில் ஒட்டிய எண்ணெயைக் கழுவிவிடுகின்றன. நாம் சோடா குடிப்பதும் அதற்குத்தானே?

ஷாம்பெயின் என்றதும் புவியியல் படித்த நண்பர்களுக்கு ஒன்று. அந்தத் திராட்சைத் தோட்டங்களுக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்பு, கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடியில் படிந்தது. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும் அதே காலத்தது. சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதை நாம் சின்ன வயசில் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். அங்கே அந்தச் சுண்ணாம்பு ஷாம்பெயின் ஆனது, இங்கே சிமெண்டு ஆனது. வெயில் வித்தியாசம்!

கடைசியாக ரசம். மிளகு ரசம், கொள்ளு ரசம், நண்டு ரசம் மூன்றும் வைத்துப் பார்த்தோம். எந்த வைனும் நிற்கவில்லை. சுடச்சுட, புளிப்பு, காரம், வாசனை எல்லாம் ஏற்கெனவே திரவமாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு திரவத்துக்கு என்ன வேலை? "ரசத்துக்கு ரசம் ஆகாது" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டோம்.

நாம் இதில் புதியவர்கள் என்று நினைக்க வேண்டாம். 1945ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்று 56ஆம் பாட்டில் குறிப்பிடுகிறார். பக்கத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவர் இத்தாலியில், திராட்சை விளைகிற மந்துவா பக்கத்தில் பிறந்தவர். இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்கிற வகை. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832ல் கொண்டுவந்தது என்று சொல்லப்படுகிறது. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாசிக்கிலும் பெங்களூர் பக்கம் நந்தி மலையடிவாரத்திலும் வைன் செய்கிறார்கள். ஐரோப்பாவில் செப்டம்பரில் திராட்சை அறுப்பு, நம் நாட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை. அதாவது நாம் பொங்கல் வைக்கிற நேரத்தில். மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு தொழில். நொதித்தலும் பாதுகாப்பும் தரக்கட்டுப்பாடும் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. குடிக்காமலேயே பார்க்கலாம், அத்தை பார்த்த மாதிரி.

பிரெஞ்சுக்காரனுக்கு வைன் ஒரு தீங்கும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1956 வரை அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு வைன் கொடுத்திருக்கிறார்கள். அந்த வருஷம்தான் 14 வயதுக்குக் கீழே கூடாது என்று நிறுத்தினார்கள். 1991ல் மது விளம்பரத்துக்குக் கடும் கட்டுப்பாடு போட்டார்கள். 1960களில் ஆளுக்கு வருஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல் குடித்த தேசம், இன்று அதில் பாதிகூடக் குடிப்பதில்லை. "தினம் ஒரு கிளாஸ் சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது" என்று பத்திரிகைகளில் ஒரு காலத்தில் நிறைய எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை. ஈரல் நோயும் புற்றுநோயும் போர்தோவா பட்டையா என்று பார்த்து வருவதில்லை.

அப்படியானால் இத்தனையும் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் குடி என்பது சாப்பாட்டிலிருந்து தனியாகப் பிரிந்து, கடைக்கு வெளியே, நின்றுகொண்டே, ஒரே மடக்கில் விழுங்குகிற காரியமாகிவிட்டது. பெண்களும் பிள்ளைகளும் அங்கே இல்லை. அங்கே சோறும் இல்லை, சுண்டலும் ஊறுகாயும் தொட்டுக்கொள்ள மட்டும். எங்கள் மேசையில் அந்தக் குளிர்காலத்தில் நடந்தது வேறு. சமைத்த பெண்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். யாரும் இரண்டாவது பாட்டில் திறக்கவில்லை, திறக்க அத்தை விடவும் மாட்டார்கள். நான் இருபது வருஷம் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பில் எத்தனை புளிப்பு, எத்தனை உப்பு, காரம் எந்த நொடியில் ஏறுகிறது என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு வைன்தான் வேண்டும் என்று இல்லை. பானகத்தை வைத்தும் நீர்மோரை வைத்தும் இதே சோதனையைச் செய்யலாம். மோரில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் மிளகாய்க்கு அதுதான் முதல் மருந்து, எந்த ரீஸ்லிங்கும் கிட்டே வர முடியாது. கம்பம் திராட்சையைப் பிழிந்து, தோலோடு பத்து நிமிஷம் வைத்து வடிகட்டினால் துவர்ப்பும் புளிப்பும் இனிப்பும் மூன்றும் கிடைக்கும், ஆல்கஹால் இல்லாமல். பிரியாணியோடு நாளைக்கே வைத்துப் பாருங்கள். மாணவர்கள் விடுதிச் சமையலறையில் தாராளமாகச் செய்யலாம், வார்டன் ஒன்றும் சொல்லமாட்டார்.

அத்தை ஊருக்குத் திரும்பும்போது ஏர்போர்ட்டில் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அது இதே ஊரில், அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இன்று காலை போய் வாங்கி வந்துதான் பேசினேன். சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்பக்கத் தாள்களில் மகளிர் குழுச் சீட்டுக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

பந்தி போட்டாயிற்று என்று கை காட்டுகிறார்கள். மொச்சைக் குழம்பு வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. இனிமேல் பேசினால் யாரும் கேட்க மாட்டீர்கள்.